1:43 கார் மாடல்: அந்த ‘43’ வந்த கதை

மாடல் காருக்கு பெயின்ட் அடித்து, பம்பர், ஹெட்லைட் வரை நுணுக்கமாக வேலை பார்ப்பவர்களுக்கு 1:43 என்ற அளவு தெரியாமல் இருக்காது. அதென்ன 43? காரணம், ரயில் பொம்மை!

ஃபிராங்க் ஹார்ன்பி 1863-ல் லிவர்பூலில் பிறந்தவர். இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் கிளார்க். தன் பசங்களுக்காகத் தகரத்தில் துளை போட்டு, நட்டு போல்ட்டால் மாட்டுகிற விளையாட்டுச் சாமான் செய்தார். முதலாளியிடம் 5 பவுண்டு கடன் வாங்கி 1901-ல் காப்புரிமை எடுத்தார். அதுதான் பின்னாளில் ‘மெக்கானோ’.

1920-ல் பொம்மை ரயில் விட்டார். ஸ்டேஷன் வாசலில் நிறுத்த கார் வேண்டுமே? நிஜத்தில் 1 அடி என்றால் பொம்மையில் 7 மில்லிமீட்டர். இந்த ரயில் கணக்கையொட்டி 1933 கடைசியில் குட்டிக் கார்கள் வந்தன. 7 மில்லிமீட்டரை 43 மடங்கு பெருக்கினால் ஏறக்குறைய 1 அடி. அடுத்த வருஷமே ‘டிங்கி டாய்ஸ்’ என்று பெயர். கார்களின் புகழ் முழுசாகப் பரவும் முன், 1936-ல் ஹார்ன்பி காலமானார்.

அந்தக் காலத்து டிங்கி கார்கள் பல இன்று விரிசல் விட்டு உதிர்கின்றன. வார்ப்புக்கான துத்தநாகக் கலவையில் ஈயம் சேர்ந்துவிட்டதே காரணம். புது பெயின்ட் விரிசலை மறைக்கும், நிறுத்தாது. பழைய பெயின்ட்டை உரித்தால் மதிப்பும் குறையும். அதனால், பழைய டிங்கி கையில் கிடைத்தால் பிரஷ்ஷை எடுக்கும் முன் உலோகத்தைப் பாருங்கள்.