குமிழியை எண்ணிய போஸ்

நான் மசினகுடிக்காரன். கோடையில் சருகாக நிற்கும் எங்க காடு, நல்ல மழை பெய்தால் பச்சை கட்டிவிடும். வெயில், தண்ணீர், காற்றிலுள்ள கரியமில வாயு இவற்றைக் கொண்டு இலை தன் உணவைச் சமைக்கிறது. பிராணவாயுவை வெளியே விடுகிறது. இந்தச் சமையலைக் கருவி வைத்து அளந்தவர் ஜகதீச சந்திர போஸ்.

1858-ல் வங்காளத்தில் பிறந்த அவர், 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் நடத்த வந்தார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம்! மூன்று வருஷம் பாடம் நடத்தினார், சம்பளத்தைத் தொடவில்லை. கடைசியில் முழுப் பாக்கியும் கைக்கு வந்தது.

சரியான ஆய்வுக்கூடம் கிடையாது. உள்ளூர் தகர வேலைக்காரரைப் பழக்கிக் கருவிகள் செய்தார். 1917-ல் சொந்தமாக ஆய்வு நிலையமே தொடங்கினார்.

ஹைட்ரில்லா என்ற குளத்துச் செடியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தார். வெளிச்சம் பட்டதும் பிராணவாயு குமிழியாக வரும். ஒவ்வொரு குமிழியும் மின்சுற்றை இணைக்க, மணி அடிக்கும். சுழலும் உருளையில் கோடு விழும். வெளிச்சம் குறைந்தால் மணியும் மெதுவாகும். கோடையில் அச்செடியில் மாலிக் அமிலம் சேர்வதையும் கவனித்து, 1924-ல் நூலாக வெளியிட்டார். அதன் முழு அர்த்தம், சி4 ஒளிச்சேர்க்கை தெரியவந்த பிறகுதான் உலகத்துக்குப் புரிந்தது. அதற்குள், 1937-லேயே அவர் மறைந்துவிட்டார்.

மணி, மின்சுற்று, உருளை எல்லாம் நம்ம ஒர்க்‌ஷாப் சமாச்சாரம்தானே! டிப்ளமோதானே என்று எவராவது இளக்காரமாகப் பேசினால், கல்கத்தாவின் அந்தத் தகர வேலைக்காரரை நினைத்துக்கொள்வோம். அளக்கக் கருவி செய்யும் கை இல்லாமல் விஞ்ஞானம் நகராது, நண்பர்களே!