சவேரியார் விட்டு வந்த கோட்டை

உங்கள் உறவில் சவேரிமுத்து என்றோ சவேரியம்மாள் என்றோ ஒருவர் இருப்பார். அந்தப் பெயர் ஸ்பானிய தேசத்தின் வடக்கே, நவார் நாட்டிலுள்ள ஒரு கோட்டையின் பெயரிலிருந்து வந்தது.

1506-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி அந்தச் சவியேர் கோட்டையில் அர்ச். பிரான்சிஸ் சவேரியார் பிறந்தார். தந்தை நவார் அரசரின் மந்திரி. 1512-ல் காஸ்டீல் அரசு நவாரைப் பிடித்தது. 1515-ல் தந்தை மரித்தார். மறுவருஷம் வென்றவர்கள் கோட்டையின் கோபுரங்களை இடித்தார்கள்.

1521-ல் மறுபடியும் யுத்தம். சவேரியாரின் தமையன்மார் நவார் பக்கம் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் பம்ப்லோனா நகரைக் காத்து, பீரங்கிக் குண்டினால் கால் முறிந்தவர் யார் தெரியுமா? லொயோலா இஞ்ஞாசியார்!

1529-ல் அந்த இஞ்ஞாசியார் பாரீஸ் நகரக் கல்லூரியில் சவேரியாரின் அறைக்கே குடிவந்தார். சவேரியார் முதலில் அவரிடம் ஒட்டவில்லை. ஆனால் 1534-ம் வருஷம் தேவமாதாவின் ஆரோபணத் திருநாளன்று, இருவரும் வேறு ஐவரோடு சேர்ந்து வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சேசு சபைக்கு அதுவே வித்து.

1540-ல் லிஸ்பன் போகும் வழியில் சவேரியார் தம் தாயைப் பார்க்க மறுத்தார் என்று ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள். அந்த அம்மாள் 1529-லேயே காலமானார்கள். அவ்வழியில் சவேரியார் சென்று கண்டது இஞ்ஞாசியாரின் ஊரை.

1542-ல் கோவா வந்து, முத்துக்குளித்துறையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்தார். அவர் தாய்பாஷையோ பாஸ்க். 1545-ல் நமது மயிலைக்கு வந்து, தோமையார் கல்லறையருகே நாலு மாதம் போலத் தங்கி ஜெபித்தார். பின் மலாக்கா, ஜப்பான். 1552 டிசம்பர் 3-ந் தேதி சீனக் கரையோரத் தீவொன்றில் உயிர் துறந்தார்.

இன்றும் மார்ச் மாதத்தில் பம்ப்லோனாவிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நடந்து ஜனங்கள் அந்தக் கோட்டைக்கு யாத்திரை போகிறார்கள். மூலக்கொத்தளத்தில் இருக்கும் நமக்கோ அவர் முழந்தாளிட்ட சாந்தோம் சிறு பிரயாணந்தான். ஒரு ஞாயிறு குடும்பமாய்ப் போய் வாருங்கள். பழைய சண்டையால் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி இருந்தால், அவரையும் கூட அழையுங்கள்.