ஆசிரியர் வரலாறே முதலில்

தமிழ்த்தாத்தா டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். மகனின் தமிழ்க் கல்வியின் பொருட்டுத் தந்தையார் வேங்கட சுப்பையர் ஊர்விட்டு ஊர் குடிபெயர்ந்தார். அரியலூர்ச் சடகோபையங்கார் அவருக்குத் தமிழின் சுவையை ஊட்டினார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் கற்பித்ததோடு, தம்மினும் பெரிய ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்லுமாறு ஆற்றுப்படுத்தினார்.

1871இல் மாயூரத்தில் பிள்ளையவர்களை அடைந்தார் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரையே ஆசிரியர் விரும்பினார். தமிழுலகம் அறிந்த பெயரும் அதுவே ஆயிற்று. 1876இல் ஆசிரியரின் இறுதி வேளையில் அருகிருந்து திருவாசகம் படித்தவர் இம்மாணவரே.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த பணியை அவருக்குக் கிடைக்கச் செய்தவர், பிள்ளையவர்களின் மூத்த மாணவராகிய தியாகராச செட்டியார். பிற்காலத்தில் சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ எனப் பெயரிட்டு, ஐயர் அந்நன்றியைப் போற்றினார்.

சிந்தாமணி, புறநானூறு, மணிமேகலை முதலிய பதிப்புகளால் புகழ் பெருகிய பின்னரும் ஆசிரியர் கடன் அவர் நெஞ்சில் நின்றது. முதுமையில், 1933, 1934ஆம் ஆண்டுகளில், பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரு பாகங்களாக வெளியிட்டார். தம் வரலாற்றை 1940இல்தான் வார இதழில் எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை.

தியாகராச விலாசம் 2012இல் இடிக்கப்பட்டது. ஆசிரியருக்காக அவர் எழுப்பிய நூல் நிறைவுற்று நிற்கிறது. தம் கதை குறைப்பட்டாலும் ஆசிரியர் கதை குறைப்படாமல் காத்த நன்றி அது.