மாமல்லர் காமா

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே அமைந்துள்ள ஊர் தம்மம்பட்டி. சேலம் மாவட்டத்தைச் சார்ந்த அவ்வூர் மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்றது. அங்கே உளியும் கையுமாய் அமர்ந்து தொழில் செய்வாருள் இளைஞரும் உளர். நரை திரை எய்திய முதியோரும் உளர். ஆண்டுகள் ஏற ஏற முதிய சிற்பியின் தோள்வலி குறையலாம். ஆயினும் அவருடைய கைத்திறம் எளிதிற் குறைவதில்லை. மரத்தின் இழையோட்டத்தைக் கண்ட அளவிலே உணர்ந்து உளியைச் செலுத்தும் நுட்பம் நெடுநாட் பட்டறிவால் வருவது. ஆதலின் சிற்பிக்கு முதுமை ஓரளவு துணையாகவே அமைகின்றது.

மற்போர் புரியும் மல்லர் நிலை அத்தகையதன்று. சிற்பிக்கு மரம் வேறு, உளி வேறு, உடம்பு வேறு. மல்லர்க்கோ அம்மூன்றும் தம் உடம்பே. உடம்பு தளருங்கால், கற்ற கலையும் உடன் தளரத் தொடங்குகின்றது. எவராலும் வீழ்த்தப்படாத மல்லர் ஒருவரை முதுமை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும், அவர் அதனை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதையும் இப்பாடத்திற் காண்போம்.

மற்போர் தமிழர்க்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற செய்தி புறநானூற்றில் உள்ளது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பெயரைப் பெருமையுடன் பூண்டான். அங்ஙனமே வடநாட்டு அரசர்களும் மல்லரைத் தம் அவையில் வைத்துப் பேணினர். அத்தகைய மரபிலே தோன்றியவரே காமா.

காமா 1878ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் குலாம் முகம்மது என்பது. பஞ்சாபில் வாழ்ந்த அவருடைய குடும்பத்தினர் வழிவழியாக மல்லர்கள். இளமையிலேயே தந்தையை இழந்த காமா, தாய்வழி உறவினரால் வளர்க்கப்பெற்றார். அவர்களும் மல்லர்களே ஆதலின், பிற சிறுவர் தெருவில் ஓடியாடும் பருவத்திலே காமா கோதாவில் இறங்கி மண்ணைப் பூசிக்கொண்டார்.

1888ஆம் ஆண்டு சோத்பூர் மன்னர் பெரியதோர் உடற்பயிற்சிப் போட்டி நடத்தினார். நாட்டின் பல பகுதிகளினின்றும் 400க்கு மேற்பட்ட மல்லர் வந்து குழுமினர். இடைவிடாது பஸ்கி எடுத்தலே போட்டி. வலியிற் சிறந்த ஆடவர் பலரும் ஒருவர் பின் ஒருவராகக் களைத்து விலகினர். இறுதியில் எஞ்சிய 15 பேருள் பத்து வயதுச் சிறுவராகிய காமாவும் ஒருவர். அவருடைய இளமையைக் கண்டு வியந்த மன்னர் அவரையே முதல்வர் எனத் தெரிந்தெடுத்தார். இவ்வாறு காமாவின் புகழ்வாழ்வு வயதைக் காரணமாகக் கொண்டே தொடங்கிற்று. அன்று அவருக்கு நண்பனாய் நின்ற வயது, பின்னாளிற் பகைவனாயும் வந்து நின்றது.

அதன்பின் ததியா நாட்டு மன்னர் காமாவைப் பேணினார். நாள்தோறும் தண்டாலும் பஸ்கியும் ஆயிரக்கணக்கில் எடுத்தலும், பல மல்லருடன் அடுத்தடுத்துப் பொருதலும் அவர்தம் பயிற்சியாயின. பாலும் நெய்யும் வாதுமைப் பருப்பும் அவருடைய உணவிற் பெரும்பகுதியாய் இருந்தன. அவர் உயரத்தில் சிறந்தவர் அல்லர். ஏறத்தாழ ஐந்தரை அடிக்குச் சற்று மிகுந்தவரே. ஆயினும் அகன்ற மார்பும் திரண்ட கழுத்தும் உடைய அவரை அசைத்தல் அரிதாயிற்று.

அந்நாளில் இந்திய மல்லருள் முதல்வராய் விளங்கியவர் இரகீம் பக்சு சுல்தானிவாலா என்பவர். அவர் ஏறத்தாழ ஏழடி உயரம் உடையவர். காமாவினும் வயதில் மிகவும் மூத்தவர். இருபது வயதும் நிரம்பாத காமா அவரை எதிர்த்தபொழுது, அச்செயலைப் பலர் நகைத்திருத்தல் கூடும். எனினும் நெடுநேரம் நடைபெற்ற அப்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அது மூத்தவர்க்கு ஓர் எச்சரிக்கை. இளையவர்க்கு ஒரு வாயில்.

1910ஆம் ஆண்டு காமா தம் தம்பி இமாம் பக்சுடன் இலண்டன் மாநகர் சென்றார். அங்கு நடைபெறவிருந்த போட்டியில், அவருடைய குறைந்த உயரத்தைக் காட்டி அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். காமா மனம் தளரவில்லை. எந்த எடையினராயினும் மல்லர் மூவரை அரைமணி நேரத்திற்குள் வீழ்த்துவதாக அறைகூவல் விடுத்தார். அமெரிக்க நாட்டு மல்லர் ரோலர் என்பார் அதனை ஏற்றார். முதன்முறை ஒரு நிமிடம் 40 நொடியிலும், மறுமுறை ஏறத்தாழ ஒன்பது நிமிடத்திலும் காமா அவரை வீழ்த்தினார். போட்டியின் கதவு திறந்தது.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள், போலந்து நாட்டுப் பெருமல்லர் சிபிசுக்கோ காமாவை எதிர்த்தார். காமாவின் பிடிக்கு அஞ்சிய அவர் தரையோடு தரையாய்ப் படிந்துகொண்டார். இரண்டரை மணிக்கு மேலாக முயன்றும் காமாவால் அவரைப் புரட்ட இயலவில்லை. மீண்டும் பொருவதற்குக் குறித்த 17ஆம் நாளில் சிபிசுக்கோ வரவில்லை. வெற்றிக் கச்சை காமாவுக்கு அளிக்கப்பெற்றது. தாயகம் திரும்பிய காமா, அலகாபாத்தில் இரகீம் பக்சை மீண்டும் எதிர்த்து வென்றார். பல்லாண்டு முன்னர்ச் சரிநிகராய் நின்ற அம்முதியவர் இம்முறை நிற்க இயலவில்லை. காமா இந்திய மல்லர்க்கெல்லாம் தலைவரானார். தாம் வென்றது இரகீமை மட்டுமன்று, இரகீமின் முதுமையையும் துணைக்கொண்டே என்பதைக் காமா அன்று எண்ணினாரோ, இல்லையோ. தமக்கும் அந்நாள் வரும் என்பது மட்டும் உறுதி.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1928ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங்கு காமாவையும் சிபிசுக்கோவையும் மீண்டும் எதிர்நிற்கச் செய்தார். இருவருமே ஐம்பது வயதை நெருங்கியவர்கள். சிபிசுக்கோவும் எளியவர் அல்லர். நாற்பது வயது கடந்த பின்னரும் உலக முதன்மைப் பட்டம் பெற்றவர். பல்லாயிரவர் கூடி, இலண்டனிற்போல நெடிய போரை எதிர்நோக்கியிருந்தனர். ஆனால் ஒரு நிமிடம் ஆவதற்குள் சிபிசுக்கோ மல்லாந்து கிடந்தார். மன்னர் காமாவுக்கு வெள்ளிக் கதை ஒன்றைப் பரிசளித்தார்.

இவ்விரு போர்களையும் ஒப்புநோக்குதல் நன்று. முதுமை மல்லர் உடம்பின் எல்லா ஆற்றலையும் ஒருங்கே கொண்டுபோவதில்லை. முப்பது வயதைக் கடந்தபின் விரைவு மெல்லக் குறையத் தொடங்கும். விரைந்து இயங்கும் தசை இழைகள் மெலியும். கண் கண்டதைக் கை செய்வதற்கு ஆகும் நேரம் நீளும். நெஞ்சத்துடிப்பின் உச்ச எல்லை ஆண்டுதோறும் தாழ்வதால் மூச்சும் விரைவில் வாங்கும். காயம் ஆறவும் களைப்பு நீங்கவும் முன்னினும் மிகுந்த நாட்கள் வேண்டும். பிடிவலியும் பட்டறிவும் மட்டுமே நெடுங்காலம் எஞ்சி நிற்கும். ஆகவே வயது முதிர்ந்த மல்லர்க்கு நெடிய போர் கேடு, குறும்போரே நலம். மூச்சு வாங்குமுன்னரே பொருது முடித்தல் அறிவுடைமை. பாட்டியாலாவில் நிகழ்ந்தது அதுவே. அடுத்த ஆண்டு பீட்டர்சன் என்னும் மேலைநாட்டு மல்லரையும் காமா மிகச் சிறிது நேரத்திலேயே வீழ்த்தினார். அதன்பின் அவரை எதிர்ப்பார் அரியராயினர். தோல்வி காணாமலே காமா களத்தினின்று மெல்ல விலகினார்.

இங்ஙனம் விலகுதல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அமெரிக்க நாட்டுக் குத்துச்சண்டை வீரர் சோ லூயி 1937 முதல் 1949 வரை மிகு எடைப் பிரிவின் உலக முதல்வராய் விளங்கினார். 25 முறை தம் பட்டத்தைக் காத்தார். பின்னர்த் தாமே ஓய்வு பெற்றார். ஆயினும் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரிக்கடன் அவரை மீண்டும் களத்திற்கு ஈர்த்தது. 1950இல் எசார்டு சார்லசிடம் தோற்றார். 1951இல், தம் 37ஆம் வயதில், 28 வயது நிரம்பிய இராக்கி மார்சியானோவை எதிர்த்தார். எட்டாம் சுற்றில் லூயி வீழ்ந்தார். குத்தும் முறை அவருக்கு மறந்துவிடவில்லை. குத்துவதற்கு உரிய நொடியில் கை எழவில்லை. வென்ற மார்சியானோ, தாம் இளமையிற் போற்றிய வீரரை வீழ்த்த நேர்ந்ததற்காகக் கண்ணீர் விட்டார். பின்னர் அவர் 1956இல், தம் 32ஆம் வயதிலே, தோல்வியறியாது ஓய்வு பெற்றார்.

காமாவைக் களத்தில் எவரும் வீழ்த்தவில்லை; ஆயினும் வறுமையும் நோயும் வேறு வழியே வந்தன. நாட்டுப் பிரிவினைக்குப்பின் அவர் இலாகூரில் வாழ்ந்தார். 1947ஆம் ஆண்டின் கலவரத்தில் தம் தெருவில் வாழ்ந்த இந்துக்களுக்கு அரணாய் நின்று காத்தார் என்பர். ஏறத்தாழ எழுபது வயதில் அவர் ஏற்ற அக்களம், கோதாவினும் பெரிது. மல்லரைப் பேணிய அரசுகளோ ஒவ்வொன்றாய் மறைந்தன. பாலும் நெய்யும் குறைவின்றிப் பெற்ற அவர்க்கு மருந்தும் அரிதாயிற்று. அவர் நிலையறிந்து, எல்லைக்கு அப்பாலிருந்து இந்தியச் செல்வர் பிர்லா பொருளுதவி செய்தார். 1960ஆம் ஆண்டு மேத் திங்களில் காமா தம் 82ஆம் வயதில் இலாகூரில் மறைந்தார்.

ஆயினும் அவர் கலை அவரோடு மறையவில்லை. தம் தம்பி மகன் போலுவைக் காமா மல்லராய் உருவாக்கினார். போலு பின்னர்ப் பாகிசுதானின் முதன்மை மல்லரானார். தம்மம்பட்டியின் முதிய சிற்பி தம் உளியை இளையவன் கையிற் கொடுத்து, அருகமர்ந்து திருத்துவதைப் போன்றதே அச்செயல். உடம்பின் வலி ஒருவரோடு ஒழியும். கற்பித்த கலை ஒழியாது.

முதுமையை வென்ற மல்லர் எவரும் இலர். எப்போது விலகவேண்டும் என அறிதலும், விலகியபின் தாம் கற்றதைப் பிறர்க்கு ஈதலும் மல்லரின் கடன். களத்தில் நின்ற நாளில் கைதட்டி மகிழ்ந்த மக்கள், அவர் தளர்ந்த நாளில் கைகொடுத்துத் தாங்குதல் நாட்டின் கடன். முதற்கடனைக் காமா குறைவின்றி ஆற்றினார். இரண்டாம் கடனை நாம் ஆற்றுகின்றோமா என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தன்னையே வினவிக்கொள்ளல் வேண்டும்.