வழக்குரைத்த அன்னை

அன்னி பெசன்ற் அம்மையார் என்றதும், அடையாற்றுப் பிரமஞான சபையும், 1898ஆம் ஆண்டு காசியில் அவர் நிறுவிய மத்திய இந்துக் கல்லூரியும், 1917ஆம் ஆண்டு கல்கத்தாவிற் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்கு அவர் தலைமை வகித்தமையும் நம்மவர் நினைவுக்கு வருவன. பகவற்கீதையை ஆங்கிலத்திற் பெயர்த்த வெண்ணிற ஆடை மூதாட்டியாகவே அவரை நாம் அறிவோம். முப்பது வயது நிரம்பு முன்னரே ஏழைத் தாய்மார் பொருட்டு இலண்டன் மாநகரில் அவர் குற்றஞ் சாட்டப்பட்டு நின்றதும், அதன் விளைவாகப் பெற்ற மகளையே பிரிய நேர்ந்ததும் பலர் அறியாதன. அறிந்தாருட் சிலரும் கூசி மறைப்பர். மறைத்தற்குரியதன்று அவ்வரலாறு.

அம்மையார் 1847ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி இலண்டனிற் பிறந்தார். ஐந்தாம் வயதிலே தந்தையை இழந்தார். தாயார் ஹரோ என்னும் ஊரிலே பாடசாலை மாணவருக்கு விடுதி நடத்திக் குடும்பத்தைக் காத்தார். இருபதாவது வயதில் அன்னி, பிராங்க் பெசன்ற் என்னும் குருவானவருக்கு வாழ்க்கைப்பட்டார். 1869இல் மகன் டிக்பியும் 1870இல் மகள் மேபலும் பிறந்தனர். மறுவருடம் மேபல் குக்கல் நோயாற் பீடிக்கப்பட்டு, மூச்சுத் திணறி, வாரக்கணக்கில் உயிருக்கு ஊசலாடினாள். மடியில் வைத்துக் காத்த தாயின் நெஞ்சில், பாவமறியாப் பாலகர் இத்துணைத் துன்புறுதல் கருணைக் கடவுளின் செயலாகுமோ என்ற ஐயம் வேரூன்றியது. அது வளர்ந்து, தேவாலயத்தில் நற்கருணை பெற மறுக்குமளவுக்குச் சென்றது. 1873இல் கணவனும் மனைவியும் பிரிந்தனர். உடன்படிக்கையின்படி மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் வாழ்வதாயிற்று.

அடுத்த ஆண்டு அம்மையார், பகுத்தறிவுவாதியான சார்ள்ஸ் பிறட்லாவின் லௌகிக சங்கத்திற் சேர்ந்து, எழுத்தாலும் பேச்சாலும் புகழ்பெற்றார். அக்காலத்து இங்கிலாந்திலே பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. ஆண்டுக்கொரு மகவு ஈன்று, ஒரே அறையிற் பலரோடு ஒடுங்கி, ஊணின்றி நலிந்த தாய்மார் நகரெங்கும் இருந்தனர். மகப்பேற்றை இடைவெளியிட்டுக் கொள்ளும் வழிகள் உளவென்பது வைத்தியர்க்கும் செல்வர்க்கும் தெரியும். தேவை மிகுந்த ஏழைக்கோ அதனைச் சொல்வாரில்லை.

அவ்வழிகளை விளக்கும் சிறுநூலொன்றை மசச்சூசெற்ஸ் வைத்தியரான சார்ள்ஸ் நோல்ரன் 1832இல் வெளியிட்டிருந்தார். அதற்காக அவர் அங்கே மூன்று மாதம் சிறையிருந்தார். இங்கிலாந்தில் அந்நூல் நாற்பதாண்டுக்கு மேல் ஆரவாரமின்றி விற்பனையாயிற்று. 1876இல் பிறிஸ்ரல் நகரத்துப் புத்தக வியாபாரி ஒருவர் தகாத படங்களைச் சேர்த்து விற்றுத் தண்டனை பெற்றார். அதன்பின் அந்நூலின் இலண்டன் வெளியீட்டாளரும் வழக்குக்குள்ளாகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இவ்வாறு விட்டுக் கொடுப்பின் இப்பொருள்பற்றிப் பேசும் உரிமையே அற்றுப்போகும் எனக் கண்ட அம்மையாரும் பிறட்லாவும் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கி நூலை மீண்டும் அச்சிட்டனர். விற்பனை தொடங்கும் நாளையும் இடத்தையும் அதிகாரிகளுக்கு முன்னறிவித்து, 1877 மார்ச் 24ஆந் திகதி தம் கையாலேயே விற்றனர். விலை ஆறு பென்சு. எதிர்பார்த்தவாறே கைதாகினர்.

நண்பரும் எல்லாரும் துணைநின்றாரல்லர். லௌகிக சங்கத்துள்ளேயே பிளவு உண்டாயிற்று. பெண்ணுரிமை கோரிய பலரும் தம் கோரிக்கைக்கு இழுக்கு வருமென அஞ்சி ஒதுங்கினர். சாட்சி கூறுமாறு வேண்டப்பட்ட அறிஞர் டாவின், தம் உடல்நலக் குறைவையும் கருத்து வேறுபாட்டையும் காட்டி மறுத்தார்.

ஜூன் 18ஆந் திகதி பிரதம நீதியரசர் கொக்பேண் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. அக்காலத்தில் ஆங்கிலப் பெண் எவரும் வழக்கறிஞராக இயலாது. எனினும் அம்மையார் தமக்காகத் தாமே வாதாடினார். அரச தரப்பார், எவரும் வாங்கத்தக்க ஆறு பென்சு விலைக்கு நூல் விற்கப்பட்டதையே பெருங் குறையாகக் காட்டினர். அம்மையாரோ அதனையே தம் வாதத்தின் அடிப்படையாக்கினார். இதே செய்திகள் விலையுயர்ந்த வைத்திய நூல்களில் உள்ளன; அவற்றை விற்பவர் தண்டிக்கப்படுவதில்லை; செல்வர்க்கு அறிவாகும் ஒன்று ஏழைக்கு எங்ஙனம் ஆபாசமாகும் என வினாவினார். விவாகத்தைப் பிற்போடுக என்ற மல்தூசின் போதனை இளைஞரை விலைமாதரிடஞ் செலுத்துமேயன்றித் துயர் தீர்க்காது என்றும், விவாகஞ் செய்தோர் தம் சக்திக்கேற்ப மக்களைப் பெறுதலே அறமென்றும் எடுத்துரைத்தார். பாண்டியன் அவையில் வழக்குரைத்த கண்ணகியின் வரலாற்றைக் கற்பிக்கும் நமக்கு, இக்காட்சியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

நூல் பொது ஒழுக்கத்தைக் கெடுக்கவல்லது, ஆயினும் வெளியிட்டோரிடம் தீய நோக்கமில்லை என யூரர் தீர்ப்புக் கூறினர். நீதியரசர் அதனைக் குற்றத் தீர்ப்பாகவே கொண்டு, இருவருக்கும் ஆறு மாதச் சிறையும் இருநூறு பவுண் அபராதமும் விதித்தார். குற்றப்பத்திரத்தில் ஆபாசமெனப்பட்ட சொற்கள் எடுத்துக் காட்டப்படவில்லை என்னும் குறைபற்றி, 1878 பெப்ரவரியில் மேன்முறையீட்டு மன்று அத்தண்டனையை நீக்கிற்று. தடுக்க முயன்றமையே நூலை நாடறியச் செய்தது. சில மாதங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விலைப்பட்டன. நோல்ரனின் நூல் பழையதாகிவிட்டமையால், அம்மையார் சனப்பெருக்க விதி என்னும் புதிய நூலைத் தாமே எழுதி ஏழைகளுக்குக் காணிக்கையாக்கினார். அந்நூலை விற்றவர்மீது நியூ சவுத் வேல்சில் எழுந்த வழக்கில், அது ஆபாசமன்று என நீதியரசர் வின்டியர் 1888இல் தீர்ப்பளித்தார்.

சிறைக்குத் தப்பினாரெனினும் அதனினுங் கொடிய தண்டனை அம்மையாருக்குக் காத்திருந்தது. இத்தகைய நூலை வெளியிட்டவர், கடவுள் நம்பிக்கையற்றவர், ஆதலின் மகளை வளர்க்கத் தகாதவர் எனக் கணவர் வழக்கிட்டார். 1878இல் நீதிபதி ஜெசல் அதனை ஏற்றார். எட்டு வயதும் நிரம்பாத மேபல் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டாள். குக்கல் நோயின்போது இமைப்பொழுதும் அகலாது காத்தவர் தாய்மைக்குத் தகாதவர் என்று சட்டம் கூறிற்று. அம்மையார் கடும் நோயுற்றார். பின்னர் பிள்ளைகளைக் காண மேன்முறையீட்டிலே உரிமை கிடைத்தபோதும், சந்திப்பும் பிரிவும் அவர்களையே வருத்துதல் கண்டு அதனையும் துறந்தார். வயது வந்ததும் இருவரும் தாமாகவே தாயை நாடி வந்தனர்.

இவ்வழக்கின் எதிரொலி தமிழர் நாட்டுக்கும் எட்டியது. 1882இல் சென்னையில் மல்தூசியச் சங்கமொன்று தோன்றியது. அவ்வாண்டிலே தொடங்கிய 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ்ப் பத்திரிகை, லௌகிக சங்கத்தாரின் கொள்கைகளைப் பரப்பிற்று. அம்மையார் கொழும்பு வழியாகச் சென்று 1893 நவம்பர் 16ஆந் திகதி தூத்துக்குடியில் இறங்குதற்குப் பத்தாண்டு முன்னரே இக்கொள்கைகள் சென்னையில் ஆராயப்பட்டன.

ஆயினும் வந்திறங்கியவர் பழைய பெசன்ற் அல்லர். 1889இல் பிளவாட்ஸ்கி அம்மையாரின் வழிப்பட்டுப் பிரமஞானியானவர், இச்சையை அடக்கி ஆளுதலே மனிதர்க்கு உரிய நெறியெனக் கொண்டு, 1891இல் தம் நூலை விற்பனையினின்றும் நீக்கினார். நன்றாக விலைபோய்க் கொண்டிருந்த நூல் அது. இது கொண்டு அவரது முந்திய போராட்டம் வீணென்பார் உளர். அது பொருந்தாது. உண்மையெனக் கண்டதைச் சொல்ல மகளை இழந்த அதே நெஞ்சுரமே, கருத்து மாறியபோது நூலையும் விடச் செய்தது. ஆனால் அவர் எழுப்பிய வினா அவரோடு நிற்கவில்லை. இங்கிலாந்திலே 1876இல் ஆயிரத்துக்கு முப்பத்தாறாக இருந்த பிறப்பு வீதம், அதன்பின் தொடர்ந்து இறங்கிற்று. இவ்விறக்கத்துக்குக் கல்வி, தொழில் முதலிய காரணங்கள் பல உண்டெனினும், இவ்வழக்கு பரப்பிய அறிவும் அவற்றுள் ஒன்றென ஆராய்ந்தோர் பலர் கூறுவர்.

1933 செப்ரெம்பர் 20ஆந் திகதி அம்மையார் அடையாற்றிற் காலமானார். மக்கட்பேற்றைப் பேறுகளுள் தலையாயதாகப் போற்றும் மரபில் வந்தவர் நாம். அப்பேற்றைச் சுமப்பவள் தாய். எத்துணை முறை, எவ்விடைவெளியில் சுமப்பதென்று அறிந்து தெளிய அவளுக்கு உரிமையுண்டா என்பதே 1877இல் அம்மையார் மன்றில் வைத்த வழக்கு. அவர் வரலாற்றை மாணவர்க்குரைக்கும் ஆசிரியர், கல்லூரி நிறுவியதையும் காங்கிரசுக்குத் தலைமை வகித்ததையும் கூறுங்கால், அவ்வழக்கையும் கூசாது கூறுவாராக.