37 வயதில் கம்பேக், 38 வயது வரை டெஸ்ட்... ரே லிண்ட்வால் தன் வேகத்தைக் காப்பாற்றியது எப்படி?

2024 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜேம்ஸ் ஆண்டர்சன் தன் கடைசி டெஸ்ட்டை ஆடியபோது அவருக்கு வயது 41. கணக்கில் 704 விக்கெட். இந்த வயசுல எப்படி இவரால ஓடி வந்து பந்து போட முடியுது என்று உலகமே ஆச்சரியப்பட்டது. ஆனால் இன்றைக்கு ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு உடற்பயிற்சி நிபுணர், பிசியோ, வீடியோ அனலிஸ்ட், ஸ்கேன் என்று ஒரு படையே துணைக்கு இருக்கிறது. இதில் எதுவுமே இல்லாத காலத்தில், 38 வயது வரை டெஸ்ட் கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து வீசிய ஒருவர் இருந்தார். ஆஸ்திரேலியாவின் ரே லிண்ட்வால். அவருடைய கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

யார் இந்த ரே லிண்ட்வால்?

ரேமண்ட் ரஸ்ஸல் லிண்ட்வால் 1921 அக்டோபர் 3-ம் தேதி சிட்னியின் மாஸ்காட் பகுதியில் பிறந்தார். 1932-33-ல் இங்கிலாந்து அணி 'பாடிலைன்' தொடருக்காக ஆஸ்திரேலியா வந்தபோது அவருக்கு வயது 11. சிட்னி மைதானத்தில் ஹரோல்ட் லார்வுட் பந்து வீசுவதை நேரில் பார்த்தார். அவ்வளவுதான், பையன் ஆள் காலி! அலுங்காமல் குலுங்காமல் ஓடிவரும் லார்வுட்டின் ரன்-அப் அந்தச் சிறுவனின் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

லார்வுட்டுக்கு நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அதே தொடரில் அவரது பாதத்தில் காயம் ஏற்பட்டது. அந்தத் தொடரோடு 28 வயதிலேயே அவரது டெஸ்ட் வாழ்க்கை முடிந்துபோனது. லிண்ட்வால் பின்பற்றிய ஹீரோ ஆடாத வயதில், லிண்ட்வால் மேலும் பத்து வருடம் ஆடினார்.

செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் லிண்ட்வாலுக்கு வழிகாட்டியாக இருந்தவர் பிரபல லெக் ஸ்பின்னர் பில் ஓ'ரெய்லி. இன்னொரு பக்கம் லிண்ட்வால் ரக்பி லீக்கிலும் பெரிய ஆள். இதற்கிடையே இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் சேர்ந்து நியூ கினியாவில் பணியாற்றினார். காட்டுப் பகுதி வாழ்க்கையும் காய்ச்சலும் உடம்பை உலுக்கியெடுத்தன. 1946 மார்ச்சில் வெலிங்டனில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 24. வேகப்பந்து வீச்சாளருக்கு மிக முக்கியமான ஆரம்ப வருடங்களைப் போர் தின்றுவிட்டது.

வயதானால் வேகம் ஏன் குறைகிறது?

வேகப்பந்து வீச்சு என்பது மனித உடம்புக்குச் செய்யும் கொடுமை என்றே சொல்லலாம். ஓடிவந்து முன்னங்காலை ஊன்றும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் கணுக்கால், முழங்கால், முதுகு வழியாக மேலே ஏறுகிறது. ஒரு நாளில் 20 ஓவர் போட்டால் இது 120 முறை நடக்கும்.

வயது முப்பதைத் தாண்டும்போது தசைகள் சட்டென்று சுருங்கி விரியும் திறன் குறைகிறது. இடுப்பு, தோள்பட்டையின் வளைவுத்தன்மை குறைகிறது. முக்கியமாக, ஒரு ஸ்பெல்லுக்குப் பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கிறது. தோள்பட்டை பலத்தை மட்டுமே நம்பி வீசுபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஓட்டத்தில் கிடைக்கும் உந்துதலை அப்படியே பந்துக்குக் கடத்தத் தெரிந்தவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். லிண்ட்வால் இரண்டாவது ரகம்.

லிண்ட்வாலின் ரகசியம் 1: ரன்-அப்

மெதுவாக ஆரம்பிப்பார். ஒவ்வொரு அடிக்கும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கிரீஸை நெருங்கும்போது உச்ச வேகம். நடுவில் தடுமாற்றமோ தேவையில்லாத குதிப்போ கிடையாது. வேகத்தின் பெரும்பகுதி இந்த ஓட்டத்திலிருந்தே வந்ததால் தோள்பட்டைக்கும் முதுகுக்கும் சுமை குறைந்தது.

அவரது கை பாடப் புத்தகத்தில் சொல்வதுபோலக் காதை ஒட்டி மேலே போகாது, சற்றுத் தாழ்வாகச் சுழலும். குறையாகத் தெரிந்த இதுவே அவருக்கு ஆயுதமானது. பவுன்சர்கள் உயரமாக எழும்பாமல் சறுக்கிக்கொண்டு பேட்டரின் முகத்துக்கு வந்தன. அவுட் ஸ்விங் கடைசி நொடியில் விலகியது.

அந்தக் காலத்தில் நோ-பால் விதி பின்னங்காலை வைத்துத்தான். பந்தை விடும்போது லிண்ட்வாலின் பின்னங்கால் தரையில் இழுபட்டு முன்னால் போகும். இதனால் நோ-பால் சர்ச்சை அவரைத் துரத்தியது. 1948 இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் கேப்டன் டான் பிராட்மேனின் ஆலோசனைப்படி காலைக் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் வைத்து, நடுவர்கள் திருப்தி அடையும் வரை முழு வேகத்தைக் காட்டாமல் இருந்தார்.

அந்தத் தொடரின் முதல் டெஸ்ட்டிலேயே தொடை இடுக்கில் காயம். லார்ட்ஸில் நடந்த அடுத்த டெஸ்ட்டில் வலியோடு ஆடி, முதல் இன்னிங்ஸில் 70 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். ஓவலில் நடந்த கடைசி டெஸ்ட்டில் 20 ரன்களுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து 52 ரன்னுக்குச் சுருண்டது. பிராட்மேன் தன் கடைசி இன்னிங்ஸில் டக் அவுட் ஆனதால்தான் அந்த டெஸ்ட்டை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் மேட்ச்சை முதல் நாளிலேயே முடித்துவைத்தவர் லிண்ட்வால். அந்தத் தொடரில் அவர் எடுத்தது 27 விக்கெட்.

ரகசியம் 2: 30 வயதில் புதுப் பாடம்

1952-ல் இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில் நெல்சன் கிளப்புக்காக ஆடினார். அது உள்ளூர் வீரர்கள் ஆடும் லீக். லிண்ட்வாலின் அவுட் ஸ்விங்கில் எட்ஜ் வாங்கிய பந்துகளை ஸ்லிப் ஃபீல்டர்களால் பிடிக்க முடியவில்லை. கேட்ச்கள் நழுவிக்கொண்டே இருந்தன. யாரையும் நம்பாமல் ஸ்டம்ப்பையே குறிவைக்க இன் ஸ்விங்கைக் கற்றுக்கொண்டார்.

உலகின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளர் என்று பெயர் வாங்கிய பிறகு, 30 வயதில், புதிதாக ஒரு பந்தைப் பழகுவது சாதாரண விஷயமில்லை. அதன் பலன் அடுத்த வருடமே தெரிந்தது. 1953 ஆஷஸ் தொடரில் 26 விக்கெட். லீட்ஸ் டெஸ்ட்டின் இரண்டாவது பந்திலேயே இங்கிலாந்து கேப்டன் லென் ஹட்டனை ரன் எடுக்கவிடாமல் போல்டாக்கினார். டெஸ்ட்டில் அவர் எடுத்த விக்கெட்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போல்ட் முறையில் வந்தவை.

எல்லாப் பந்தையும் ஒரே வேகத்தில் வீசவும் மாட்டார். ஆக்‌ஷன் மாறாமல் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். எந்தப் பந்து முழு வேகத்தில் வரும் என்று பேட்டருக்குத் தெரியாது. உடம்புக்கும் மிச்சம், விக்கெட்டும் நிச்சயம்!

சென்னையில் நடந்த சம்பவம்

1956 ஆஷஸ் தொடர் ஆஸ்திரேலியாவுக்குக் கசப்பான அனுபவம். ஓல்டு டிராஃபோர்டில் ஜிம் லேக்கர் 19 விக்கெட் எடுத்தது அந்தத் தொடரில்தான். காயத்தோடு போராடிய லிண்ட்வாலும் ஜொலிக்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் பாகிஸ்தான், இந்தியா சுற்றுப்பயணம்.

அக்டோபரில் மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது இன்றைய நேரு ஸ்டேடியத்தில் முதல் டெஸ்ட். அதே வருடம் ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராகத் தொடக்க விக்கெட்டுக்கு 413 ரன் குவித்த அதே மைதானம். அங்கே வேகப்பந்து வீச்சாளருக்கு, அதுவும் 35 வயதுக்காரருக்கு, என்ன வேலை இருக்கும்?

முதல் இன்னிங்ஸில் ரிச்சி பெனோ சுழலில் 7 விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸ் லிண்ட்வாலுடையது. 43 ரன்களுக்கு 7 விக்கெட். இந்தியா 153-க்கு ஆல் அவுட், ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் மற்றும் 5 ரன்களில் வெற்றி. டெஸ்ட்டில் அவரது மிகச் சிறந்த பந்துவீச்சு 1948-ல் அடிலெய்டில் இந்தியாவுக்கு எதிராக எடுத்த 38-க்கு 7. கிட்டத்தட்ட ஒன்பது வருடம் கழித்து, மெட்ராஸ் வெயிலில் அதற்கு மிக நெருக்கமாக வந்துவிட்டார்.

அடுத்த பம்பாய் டெஸ்ட்டில் கேப்டன் இயான் ஜான்சன் காயத்தால் ஆடவில்லை. அணியை வழிநடத்தியவர் லிண்ட்வால். அவர் கேப்டனாக இருந்த ஒரே டெஸ்ட் அதுதான்.

கழற்றிவிட்ட தேர்வாளர்கள்

அதற்கு மறுவருடம் தென்னாப்பிரிக்கா செல்லும் அணியில் லிண்ட்வால் பெயர் இல்லை. 22 வயது இயான் கிரெய்க் கேப்டன். புது ரத்தம் வேண்டும் என்பது தேர்வாளர்களின் கணக்கு. 36 வயது வேகப்பந்து வீச்சாளரின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இங்கே ஒரு எண் முக்கியம். அப்போது லிண்ட்வாலின் கணக்கில் 212 விக்கெட் இருந்தது. லெக் ஸ்பின்னர் கிளாரி கிரிம்மெட்டின் ஆஸ்திரேலியச் சாதனை 216. அதைத் தாண்ட ஐந்தே ஐந்து விக்கெட்தான் பாக்கி!

லிண்ட்வால் ஓய்வை அறிவிக்கவில்லை. குயின்ஸ்லாந்து அணியின் கேப்டனாக உள்ளூர் கிரிக்கெட்டில் தொடர்ந்து பந்து வீசினார். 1958-59 ஆஷஸ் தொடரின் நான்காவது டெஸ்ட்டுக்கு அழைப்பு வந்தது. வயது 37. அந்த அடிலெய்டு டெஸ்ட்டில் ஜெயித்துதான் ஆஸ்திரேலியா ஆஷஸை மீட்டது. அடுத்த மெல்போர்ன் டெஸ்ட்டில் ட்ரெவர் பெய்லியை இரண்டு இன்னிங்ஸிலும் டக் அவுட்டாக்கினார். இரண்டாவது முறை பெய்லி வீழ்ந்தபோது கிரிம்மெட்டின் சாதனை உடைந்தது.

1960 ஜனவரியில் இந்தியாவுக்கு எதிரான கல்கத்தா டெஸ்ட்தான் அவரது கடைசி டெஸ்ட். மொத்தம் 61 டெஸ்ட், 228 விக்கெட், சராசரி 23.03. பேட்டிங்கிலும் இரண்டு சதம். பிறகு பிரிஸ்பேனில் மனைவியோடு பூக்கடை நடத்தினார். 1996 ஜூன் 23-ல், 74 வயதில் காலமானார்.

இன்றைய பவுலர்களுக்கு என்ன பாடம்?

லிண்ட்வால் 35 வயதில், 25 வயதில் இருந்த அளவுக்கு வேகமாக வீசவில்லை. அது யாராலும் முடியாது. ஆனால் மூன்று விஷயங்களைச் சரியாகச் செய்தார். உடம்பைச் சிதைக்காத ரன்-அப்பைக் கடைசிவரை மாற்றவில்லை. வேகம் குறையும் முன்பே புதிய பந்துகளைக் கற்றுக்கொண்டார். முழு வேகத்தைத் தேவைப்படும் பந்துக்கு மட்டும் எடுத்துவைத்தார்.

ஸ்பீடு கன்னில் 145 காட்ட வேண்டும் என்று தோள்பட்டையைப் பிய்த்துக்கொள்ளும் இளம் பவுலர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. வேகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அது போவதற்குள் வேறு என்ன கையில் இருக்கிறது என்பதுதான், 28-ல் முடிவதா 38 வரை ஆடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.