மக்கைவரும் கொயினா மரமும்

ஒரு தொழில் பிறரோடு போட்டியிட்டு நிலைபெற வேண்டுமாயின் பெருமுதல் மட்டும் போதாது. பொருள் வீண்போகாவண்ணம் வேலையை அமைத்து நடத்தும் அறிவும் வேண்டும். இவ்வுண்மையை நீலகிரியிலே செய்து காட்டியவர் வில்லியம் கிரகாம் மக்கைவர் என்பார்.

ஸ்காத்லாந்து தேசத்தவராகிய இவர், இலண்டனையடுத்த கியூ தோட்டத்தில் தொழில் பயின்று, 1848-ஆம் ஆண்டு உதகமண்டலம் போந்தார். இன்று நாம் கண்டு களிக்கும் அரசினர் பூங்கா இவர் கைவண்ணமே.

அக்காலத்தே முறைக்காய்ச்சலால் நம் நாட்டில் எண்ணிறந்தோர் மாண்டனர். அதற்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனாப் பட்டை தென்னமெரிக்க மலைக்காடுகளினின்றே வந்தது. விலையோ ஏழைகட்கு எட்டாதது. 1860-ஆம் ஆண்டையொட்டி மார்க்கம் என்பாரின் முயற்சியால் அம்மரத்தின் விதைகளும் கன்றுகளும் நீலகிரியை அடைந்தன. வந்தவை மிகச் சிலவே. மக்கைவர் அவற்றைக் கண்ணாடி மனையில் வைத்துப் பேணி, பதியன்களாலும் போத்துக்களாலும் பெருக்கினார். சில ஆண்டுகளில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவை இலட்சக்கணக்கில் தழைத்தன.

காட்டில் பட்டை எடுப்போர் மரத்தையே வெட்டி வீழ்த்துவர். இவரோ மரத்தைக் கொல்லாது, பட்டையை நீண்ட கீற்றுக்களாக உரித்து, உரித்த இடத்தை ஈரப்பாசியால் மூடினார். அங்கே புதுப்பட்டை வளர்ந்தது. சோதித்துப் பார்க்க, அதில் மருந்துச் சத்து முன்னினும் மிக்கிருந்தது! ஒரே மரம் பலமுறை பயன் தந்தது. 1866 முதல் புரோட்டன் என்னும் இரசாயன அறிஞரும் உதகையிலிருந்து பட்டைகளை ஆராய்ந்து வந்தார். அளந்தறிந்து திருத்துவதே இத்தொழிலின் முறையாயிற்று.

ஆயினும் இரண்டு செய்திகளை மறைத்தல் நேர்மையன்று. நடுவட்டத்தில் சீனக் கைதிகளின் உழைப்பும் இத்தோட்டங்களுக்கு உரமாயிற்று; அவர்தம் பெயர்களை எவரும் போற்றிலர். மேலும், 1865-இல் ஒல்லாந்தர் வாங்கிய லெட்ஜர் விதையினின்று சத்து மிகுந்த மரங்கள் சாவகத்தீவில் எழுந்தன. உலகச் சந்தை பின்னர் அவர்கள் வசமாயிற்று. செய்முறை எத்துணைச் சிறப்பினும் வித்துத் தாழுமாயின் வெற்றி நிலையாது போலும்!

மக்கைவர் 1876-இல் உதகையிலேயே உயிர் நீத்தார். தூய ஸ்தேவான் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் துயில்கின்றது. சந்தையில் முதலிடம் கைகூடாவிடினும், நாளடைவில் கொயினா தபாலாபீசுகளிலும் சிறு பொட்டலமாக விற்கப்பட்டு ஏழை மனையை எட்டியது. மாணவ நண்பர்களே! தொழிலின் திறத்தை அதன் இலாபத்தால் மட்டுமன்றி, அது காத்த உயிர்களாலும் அளக்கக் கற்போமாக.